தெரியாததைச் சொன்னால்தான் சாப்பாடு

போன மாதம் என் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ்களுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். சிரமம் வேண்டாமென்று தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: 'பணியிட ஆதரவும் தொடர் கற்றலும்'. முப்பத்து நான்கு வருஷம் அந்தக் கட்டடத்துக்குள் வெள்ளை உடுப்போடு நடந்தவன் நான். ஆதரவு என்ற பெயரில் யாரும் எதையும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. எலுமிச்சை சாதம் கொடுத்திருக்கிறார்கள். மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை பிரிவு உபசாரத்துக்காக வாங்கிய சால்வையை, பிரிய வேண்டியவர் பிரியாமல் போனதால் எனக்குப் போர்த்தியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் புதியவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்ததும் 'இன்று எப்படி உணர்ந்தீர்கள்?' என்று கேட்டு ஐந்து மஞ்சள் முகங்களைக் காட்டும். சிரிக்கிற முகம், சுமாரான முகம், அழுகிற முகம் என்று ஒன்றைத் தொட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நான் பேசி முடித்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க சேந்த புதுசுல உங்களுக்கு யாரு சப்போர்ட்டு?" என்று கேட்டாள். நான் இரண்டு நிமிஷம் பேசினேன். அதில் பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின் நடுவில் பதில் வந்தது. பஸ்ஸில் கேள்வி கேட்டவள் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நானும் நர்ஸ்தான். நர்ஸ் என்றதும் எல்லாரும் ஒரு பெண்ணைத்தான் நினைப்பார்கள். தப்பில்லை. என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். கைலாசபுரத்தில் எங்கள் தெருவில் அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அப்பன் போன தொழிற்சாலை கேட்டுக்குள்ளேயே போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, நான் நர்ஸிங் படிக்கப் போனேன். அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் "பையன் மெடிக்கல் லைன்ல இருக்கான்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். மீதியை அவர்கள் கற்பனை செய்துகொள்ளட்டும் என்பது அவர் ஏற்பாடு. இதனால் எங்கள் தெருவில் பலபேர் பல வருஷம் என்னிடம் மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. தங்க மெடல் வாங்கினேன். அதில் தங்கம் எவ்வளவு என்று அம்மா ஒரு நகைக்கடையில் விசாரித்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் மெடல் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த ஆண்கள் வார்டில் எல்லாரும் என்னைப் 'பிரதர்' என்று கூப்பிட்டார்கள். பெண்கள் எல்லாம் சிஸ்டர் என்றால் வேறு என்ன சொல்வது? சகஊழியர் வசந்தா மட்டும் 'கோல்டு மெடலு' என்று கூப்பிடுவார். சமயபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருபவர், என்னைவிட இரண்டு வருஷம் அனுபவம் கூட. அந்தப் பெயரைப் பாராட்டு என்றே நான் மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வார்டுக்குப் பொறுப்பு பிலோமினா சிஸ்டர். பாலக்கரைக்காரர். குள்ளமாக, கஞ்சி போட்ட உடையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வருவார். அவர் யாரையும் திட்டியதில்லை. மனிதர்களைத் திட்டாமல் பொருள்களைத் திட்டுவார். எட்டு மணி ரத்த அழுத்தம் குறிக்கப்படாமல் விட்டுப்போயிருந்தால், சார்ட்டைக் கையில் எடுத்து, "ஏன் சார்ட்டு, எட்டு மணி பிபி எங்க போச்சு? நீ தொலைச்சியா, இல்ல ஒனக்கு யாரும் குடுக்கவே இல்லையா?" என்பார். சார்ட் பதில் சொல்லாது. விட்டவர் அந்தப் பக்கத்தில் நின்று வியர்ப்பார். ஒருநாள் நான் மூடாமல் வைத்த ஸ்பிரிட் பாட்டிலிடம் அவர் அரை நிமிஷம் துக்கம் விசாரித்தார். அன்றிலிருந்து இன்றுவரை நான் எந்த மூடியையும் திறந்து வைத்ததில்லை. வீட்டில் ஊறுகாய் ஜாடி வரை.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் ஒன்றரைக்குப் பின்னறையில் சாப்பிட உட்காருவோம். டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால், அன்று வேலையில் தனக்குத் தெரியாமல் போன ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லாதவர் மூடியில் கை வைக்கக் கூடாது. தெரிந்தவர் யாராவது பதில் சொல்வார். யாருக்கும் தெரியாவிட்டால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் டாக்டரிடமோ புத்தகத்திலோ யாராவது தேடிக் கொண்டுவர வேண்டும். பிலோமினா சிஸ்டரும் சொல்வார். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் உள்ளவர், "புதுசா வந்துருக்கே, அந்த மானிட்டர்ல மூணாவது கோடு எதுக்குன்னு எனக்குத் தெரியலை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தயிர் சாதத்தைத் திறப்பார்.

எனக்கு அது ஒத்துவரவில்லை. தங்க மெடல் வாங்கியவனுக்குத் தெரியாதது இருக்கலாமா? இருந்தாலும் அதைப் புளியோதரை முன்னால் சொல்லலாமா? ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். யாருக்குமே தெரிந்திருக்க முடியாத, தெரிய வேண்டிய தேவையும் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுவேன். "கத்தீட்டர்ங்கற வார்த்தை கிரேக்கமா லத்தீனான்னு எனக்குச் சரியாத் தெரியலை." எல்லாரும் ஒரு கணம் என்னைப் பார்ப்பார்கள். காலண்டர் தாளில் அதையும் எழுதி ஒட்டுவார்கள். சுவரில் பாதித் தாள்கள் என்னுடையவைதான். வசந்தா ஒருநாள், "கோல்டு மெடலு, ஒங்களுக்கு ஊசி போடத் தெரியுமா, இல்ல அதுக்குப் பேரு வைக்க மட்டுந்தான் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் பாக்ஸிலிருந்து ஒரு அப்பளம் எடுத்துக்கொண்டார்.

ஏழாம் கட்டிலில் காதர் பாய் இருந்தார். பெரிய கடைவீதியில் செருப்புக்கடை. ஐம்பத்தைந்து வயது. சர்க்கரையால் காலில் ஆறாத புண். ஊரெல்லாம் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டவர் தன் காலைக் கவனிக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வார்டில் நுழைகிற யாரையும் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். என்னை முதல்நாள் பார்த்ததும், "எட்டாம் நம்பர். ஆனா நீங்க ஏழு போட்டுருக்கீங்க தம்பி, அதான் நடை இடிக்குது" என்றார். உண்மைதான்.

அவர் மகன் சலீம் குவைத்தில் வேலை. அப்பாவைப் பார்க்க வந்தவர், அத்தர், போர்வை, பேரீச்சம்பழத்தோடு ஒரு பிளாஸ்க் நிறைய ஐஸ் போட்டு இரண்டு இன்சுலின் புட்டிகளும் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு கட்டு சிரிஞ்சுகள். "ஒரிஜினல் வெளிநாட்டு மருந்துங்க. அத்தாவுக்கு இனிமே இதையே போடுங்க" என்று என் கையில் கொடுத்தார். மாலை ஊசிக்குப் பழைய புட்டியில் மீதி இருந்தது. புதியதை ஃபிரிட்ஜில் வைத்தேன். சிரிஞ்சுகளைப் பார்த்தேன். எங்கள் வார்டு இன்சுலின் சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. இவற்றுக்கு ஆரஞ்சு. ஏன் ஆரஞ்சு என்று ஒரு கேள்வி எழுந்தது. அன்று ஒன்றரை மணிக்கு வாயைத் திறந்து அதைக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது வேறு. வெப்பமானியைக் கண்டுபிடித்தவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டேன். பிலோமினா சிஸ்டர் தாளில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழரை. காதர் பாய்க்குப் பன்னிரண்டு யூனிட். குவைத்துப் புட்டியை எடுத்தேன். சிரிஞ்சு மட்டும் பழகியதாக இருக்கட்டுமென்று வார்டின் சிவப்பு மூடியை எடுத்தேன். பன்னிரண்டாம் கோடு வரை இழுத்தேன். இன்சுலினை இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது விதி. வசந்தா மூன்று கட்டில் தள்ளி ஒருவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தார். நான் சிரிஞ்சைத் தூக்கிக் காட்டி, "பன்னெண்டு" என்றேன். அவர் அங்கிருந்தே பார்த்து, "பன்னெண்டு, பன்னெண்டு" என்றார். போட்டேன்.

எட்டு மணிக்கு இட்லி வந்தது. காதர் பாய் ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றை மகனுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்பதேகால் மணிக்கு நான் அந்தப் பக்கம் போனபோது, "எட்டாம் நம்பர் எடுத்துட்டு வா" என்றார். வழக்கமான கேலி என்று சிரித்தேன். "எட்டாம் நம்பர் எடுத்துட்டு வாடான்னா. கடைய மூடணும்." காதர் பாய் யாரையும் டா போட்டுப் பேசுகிறவர் இல்லை. ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருந்தவரின் சட்டை கழுத்திலிருந்து தொப்பலாக நனைந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது. ஆனால் அதில் நான் இல்லை.

சர்க்கரை இறங்குகிறது. அது புத்தகத்தில் இருந்தது, எனக்கும் தெரிந்தது. கூப்பிட்டேன். பிலோமினா சிஸ்டரும் வசந்தாவும் வந்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பட்டையில் ரத்தத்தை வைத்தால் நிறமே ஏறவில்லை. குளுக்கோஸ் ஏற்ற நரம்பு வேண்டும். நான் குத்தியது இரண்டு முறை தவறியது. சிஸ்டர் ஊசியை வாங்கிக்கொண்டார். பாயின் முழங்கையைத் தட்டி, "ஏன் நரம்பே, இன்னிக்குத்தான் ஒளிஞ்சு வெளையாடணுமா?" என்றபடியே ஏற்றினார். ஐந்தாறு நிமிஷத்தில் காதர் பாய் சுற்றிலும் பார்த்து, "என்ன, எல்லாரும் வந்துட்டீங்க?" என்று கேட்டார். கால்மாட்டில் நின்ற சலீம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். "பன்னெண்டு யூனிட் போட்டுட்டு ஒரு இட்லி சாப்புட்டா எறங்கத்தான் செய்யும். நாளைலேர்ந்து பத்து போதும். இப்ப ஜூஸ் குடுங்க, டிரிப் வேண்டாம்" என்று எழுதிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். எல்லாம் முடிந்தது. காரணமும் கிடைத்துவிட்டது: இட்லி.

மருந்துத் தட்டை ஒழுங்குபடுத்தும்போது குவைத்துப் புட்டி கையில் உருண்டது. லேபிளில் 100 என்று போட்டிருந்தது. எங்கள் புட்டியில் 40 என்று இருக்கும். சிவப்பு மூடிச் சிரிஞ்சின் மேலும் 40. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சை எடுத்துப் பார்த்தேன். அதில் 100. ஒரே அளவு தண்ணீருக்குள் எங்கள் மருந்தைவிட இரண்டரை மடங்கு பலம் அந்த மருந்துக்கு. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற கோடு போட்ட சிரிஞ்சு. நான் ஒன்றின் மருந்தை இன்னொன்றின் கோட்டில் அளந்திருக்கிறேன். பன்னிரண்டு அல்ல, முப்பது யூனிட் போயிருக்கிறது.

மனம் வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடியது. ஆள் எழுந்துவிட்டார். டாக்டரே காரணம் எழுதிவிட்டார். இப்போது சொன்னால் வேலை போகும், கைலாசபுரத்தில் அப்பா 'மெடிக்கல் லைன்' என்பதையும் விட வேண்டிவரும். வசந்தாவின் பெயரும் கெடும். எல்லாம் நல்ல வாதங்கள். ஒரே ஒரு தொந்தரவு. மருந்துக்கு இந்த வாதம் எதுவும் கேட்காது. முப்பது யூனிட்டும் இன்னும் அவர் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. டிரிப்பையும் எடுத்துவிட்டார்கள். மறுபடி இறங்கும், அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நாளைக்கும் பத்து என்று நினைத்து இருபத்தைந்து போடுவோம்.

சிஸ்டரின் மேஜைக்குப் போனேன். வசந்தாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணு தெரியாமப் போச்சு."

பிலோமினா சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிகூட ஆகவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த புட்டியையும் இரண்டு சிரிஞ்சுகளையும் அவர் முன்னால் வைத்தேன். புட்டியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மூடியிடம் ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் லேபிளை மட்டும் படித்தார்.

"எவ்வளவு போயிருக்கும் பிரதர்?"

ஒரு தவறைப் பற்றிப் பொருளிடம் அல்ல, என்னிடமே அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"முப்பது, சிஸ்டர்."

"நானும் பாத்தேன் சிஸ்டர்" என்றார் வசந்தா. யாரும் அவரைக் கேட்கவில்லை. "தூரத்துலேர்ந்து பாத்தேன். கிட்ட வந்து புட்டியப் பாக்கலை. அவரு ஒருத்தரு பேர மட்டும் எழுதாதீங்க."

ஆதரவு என்ற சொல்லுக்கு என்னிடம் இருக்கும் விளக்கம் இவ்வளவுதான். அதற்கு மஞ்சள் முகம் எதுவும் பொருந்தாது. சொல்லும்போது வசந்தாவுக்குக் கோபமான முகம்தான் இருந்தது, அதுவும் என் மேல்.

சிஸ்டர் டாக்டரைத் திரும்ப வரவழைத்தார். டிரிப் மறுபடி ஏறியது. அரை மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்ப்பதென்று முடிவானது. பிறகு என்னிடம், "பாய் மகன்கிட்ட சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். "சரி. நான் பக்கத்துல நிக்கிறேன். நடுவுல பேச மாட்டேன்."

சலீம் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்தார்.

"ஐஸ் உருகிடுமேன்னு ஏர்போர்ட்டுல பிளாஸ்க்க மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேங்க. ஒங்க கையில நம்பிக் குடுத்தேன். இப்ப எங்க அத்தாவ இங்க வச்சிருக்கணும்னு என்ன இருக்கு? நான் வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போங்க தம்பி" என்றார் சிஸ்டர். "ஒங்க இஷ்டம். ஆனா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நகத்தாதீங்க. வழியில எறங்கிடுச்சுன்னா ஆட்டோவுல டிரிப் கெடையாது. ஆறு மணிக்கு நானே வண்டி புடிச்சுத் தரேன்."

நான் தலை குனிந்திருந்தேன். என் சின்னச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே முக்காலுக்குச் சர்க்கரை மறுபடி இறங்கியது. இந்தத் தடவை வியர்க்கும் முன்பே பட்டை சொல்லிவிட்டது, டாக்டரும் அங்கேயே இருந்தார். சலீம் அதைப் பார்த்தார். நாங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆறு மணி ஆனபோது வண்டியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. சிஸ்டரும் ஞாபகப்படுத்தவில்லை.

அன்று நாங்கள் சாப்பிட நாலரை மணி. பின்னறையில் வசந்தா, "கோல்டு மெடலு, இன்னிக்குக் கிரேக்கமா லத்தீனா?" என்றார். சொல்லிவிட்டு, பாதி எலுமிச்சை சாதத்தை என் மூடியில் தள்ளினார். மேலிடத்துக்கு மூன்று விளக்கக் கடிதங்கள் போயின. என்னுடையது இரண்டு பக்கம், அதில் அடைமொழிகள் அதிகம். வசந்தாவுடையது நாலு வரி. பிலோமினா சிஸ்டருடையது ஒரு பக்கம். வெளியிலிருந்து வரும் மருந்தை முதலில் தன் மேஜையில் வைக்க வேண்டுமென்று வார்டில் விதி செய்யாதது தன் குறை என்று எழுதியிருந்தார். எனக்கு மெமோ வந்தது, வேலை போகவில்லை. அந்த வாரம் சுவரில் 'ஆரஞ்சு ஏன், சிவப்பு ஏன்' என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. விடையை எழுதும் பொறுப்பு எனக்கு. சுவரில் இருந்த என் கிரேக்க, லத்தீன் தாள்களை நானே கிழித்தேன். இடம் வேண்டியிருந்தது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எனக்குத் தெரியாதவற்றுக்குப் பஞ்சமே வரவில்லை. வென்டிலேட்டரில் தொடங்கி, கம்ப்யூட்டரில் லீவு போடுவது வரை.

ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் காலையில் கைலாசபுரத்தில் பஸ் ஏறுவதா வேண்டாமா என்று இரண்டு பஸ்களை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். ஏழரைக்குப் பிலோமினா சிஸ்டர் மருந்துத் தட்டை என் கையில் கொடுத்து, "ஏழாம் கட்டில், பத்து யூனிட்" என்றார். வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்று நான் வாயைத் திறந்தபோது அவர் அங்கே இல்லை.

குவைத்துப் புட்டி. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. இரண்டிலும் இருந்த நூறைச் சத்தமாகப் படித்தேன். பத்தாம் கோடு வரை இழுத்தேன். வசந்தா இந்தத் தடவை மூக்கு சிரிஞ்சில் இடிக்கும் அளவுக்கு வந்து புட்டியையும் வாங்கிப் படித்துவிட்டு, "பத்து" என்றார். காதர் பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். சலீம் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காதர் பாய் முதல்முறையாக என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"நீ செத்த வெளியில நில்லுப்பா. நீ பாத்துக்கிட்டே இருந்தா அவரு கை நடுங்கும். குத்து வாங்கப்போறது நானு."

சலீம் அப்பாவைப் பார்த்தார். வாசல் வரை போனார். வெளியே போகவில்லை. அங்கேயே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். காதர் பாய் சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினார். நான் ஊசியைப் போட்டேன்.